கிராஸ் கம்பைல்: கணினியில் கட்டி, ஆண்ட்ராய்டில் ஓட்டுவது எப்படி

லினக்ஸ் கணினியில் ஒரு சி நிரலை கம்பைல் செய்து, கிடைத்த கோப்பை அப்படியே ஆண்ட்ராய்டு போனுக்கு நகர்த்தினால் அது ஓடாது. பிராசசர் வேறு, அதனால்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். அது பாதிக் காரணம்தான். உங்கள் கணினியிலும் 64 பிட் ஆர்ம் பிராசசரே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; அப்போதும் ஓடாது. கோப்பு கண்ணெதிரே இருக்கும், "அப்படியொரு கோப்பு இல்லை" என்று ஷெல் சாதிக்கும். ஷெல் தேடிக் காணாதது உங்கள் நிரலை அல்ல, அந்த நிரலை நினைவகத்தில் ஏற்றித் தரவேண்டிய டைனமிக் லிங்கரை. சாதாரண லினக்ஸில் அது லிப் ஃபோல்டரில் எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் பெயரில் இருக்கும். ஆண்ட்ராய்டில் சிஸ்டம் ஃபோல்டருக்குள் பின் என்ற இடத்தில் லிங்கர்64 என்ற பெயரில் இருக்கும். நிரலுக்குள் எழுதப்பட்ட முகவரியில் போனில் யாரும் குடியில்லை. சி லைப்ரரியும் வேறு: லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் ஜிலிப்சி, ஆண்ட்ராய்டில் பயோனிக்.

ஆகவே கிராஸ் கம்பைல் என்பது வேறு பிராசசருக்கு இயந்திரக் கட்டளைகளை உருவாக்குவதோடு முடிவதில்லை. வேறொரு இயங்குதளத்தின் ஹெடர்கள், லைப்ரரிகள், லிங்கர் முகவரி எல்லாவற்றையும் நம் கணினியில் உட்கார்ந்தபடியே பயன்படுத்த வேண்டும். இதில் வரும் பிழைகளில் பெரும்பகுதி ஒரே சாதி: போனுக்கான பில்டுக்குள் கணினியின் சொந்த ஹெடரோ லைப்ரரியோ கருவியோ நுழைந்துவிடுவது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் "இந்தக் கோப்பு கணினியுடையதா, போனுடையதா?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

லினக்ஸ் டெர்மினலில் ஓரளவு பழக்கமும், சி நிரலை ஒருமுறையாவது கம்பைல் செய்த அனுபவமும் இருந்தால் போதும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பெயர்கள்

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் உள்ள எந்தப் பழைய திட்டத்திலும் பில்டு, ஹோஸ்ட், டார்கெட் என்று மூன்று சொற்களைப் பார்ப்பீர்கள். பில்டு என்பது கம்பைல் நடக்கும் இயந்திரம், அதாவது உங்கள் கணினி. ஹோஸ்ட் என்பது முடிந்த நிரல் ஓடப்போகும் இயந்திரம், அதாவது போன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நம் கணினிதானே ஹோஸ்ட் என்று நினைத்துவிடுகிறார்கள். டார்கெட் என்பது கம்பைலரையே கம்பைல் செய்பவர்களுக்கான சொல். நீங்கள் கட்டுவது கம்பைலர் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம். கொடுமை என்னவென்றால் கிளாங் கம்பைலரும் ரஸ்ட் மொழியின் கருவிகளும் போனைத்தான் டார்கெட் என்று அழைக்கின்றன. எந்தக் கருவியோடு பேசுகிறோம் என்று பார்த்து அதற்கேற்பப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்த இயந்திரங்களைக் குறிக்க டிரிப்பிள் எனப்படும் ஒரு பெயர்ச்சரம் உண்டு. நமக்கு வேண்டியது ஏஆர்ச்64-லினக்ஸ்-ஆண்ட்ராய்டு. முதல் துண்டு பிராசசர், அடுத்தது கெர்னல், கடைசியில் சி லைப்ரரியும் சூழலும். கடைசித் துண்டில் ஆண்ட்ராய்டுக்குப் பதில் க்னூ என்று இருந்தால் அது ஜிலிப்சிக்கான கம்பைலர். லினக்ஸ் விநியோகங்களின் களஞ்சியத்தில் கிடைக்கும் ஆர்முக்கான ஜிசிசி கம்பைலர் பெரும்பாலும் அந்த வகைதான். நிறுவ எளிது, கம்பைலும் சுத்தமாக முடியும், ஆனால் மேலே சொன்ன "கோப்பு இல்லை" பிழையில்தான் கொண்டுபோய் விடும்.

என்டிகே

ஆண்ட்ராய்டுக்கான சி, சி++ கருவித்தொகுப்பை கூகுளே என்டிகே என்ற பெயரில் தருகிறது. கம்பைலர், லிங்கர், பயோனிக்கின் ஹெடர்கள், லைப்ரரிகள் எல்லாம் ஒரே ஜிப் கோப்பில் வந்துவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ கட்டாயமில்லை. ஜிப்பை மட்டும் இறக்கி, இடைவெளி இல்லாத பாதையில் பிரித்து வைத்தால் போதும். பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டருக்குள் வைத்தால் பல மேக்ஃபைல்கள் குழம்பிப்போகும்.

எந்தப் பதிப்பு? நீண்டகால ஆதரவு என்று குறிக்கப்பட்டதையோ, இப்போதைய நிலையான பதிப்பையோ எடுங்கள். இணையத்தில் பழைய பாடங்கள் ஏராளம். அவற்றில் ஜிசிசி என்று வந்தால் 2018க்கு முந்தையது என்று புரிந்துகொள்ளலாம். அந்த ஆண்டு வந்த ஆர்18 பதிப்பிலேயே ஜிசிசியை எடுத்துவிட்டார்கள். "ஸ்டாண்டலோன் டூல்செயின் உருவாக்குங்கள்" என்று ஒரு ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னால் அதுவும் காலாவதி. 2019இல் வந்த ஆர்19 முதல் அந்தப் படி தேவையே இல்லை, பிரித்த ஃபோல்டரில் இருக்கும் கம்பைலரை நேரடியாக அழைக்கலாம்.

அந்தக் கம்பைலர் இருக்கும் இடம்: டூல்செயின்ஸ், அதற்குள் எல்எல்விஎம், அதற்குள் ப்ரீபில்ட், அதற்குள் உங்கள் இயங்குதளத்தின் பெயர், கடைசியில் பின். ஆர்ம் பிராசசர் கொண்ட ஆப்பிள் சிலிகான் மேக்கிலும் இயங்குதள ஃபோல்டரின் பெயர் டார்வின்-எக்ஸ்86_64 என்றுதான் இருக்கும். உள்ளே இரண்டு பிராசசருக்கும் பொதுவான கோப்புகள், பயப்பட வேண்டாம். விண்டோஸில் இருப்பவர்கள் கான்ஃபிகர் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டாமல், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் உள்ளே லினக்ஸ் என்டிகேயைப் பிரித்து வேலை செய்வதே நிம்மதி.

இந்த பின் ஃபோல்டரின் முழுப் பாதையையும் ஒரு சூழல் மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை பாத் மாறியின் தொடக்கத்தில் சேர்க்காதீர்கள். உள்ளே கிளாங் என்ற வெறும் பெயரிலும் ஒரு கோப்பு இருக்கிறது. கணினிக்கான சாதாரண பில்டுகளும் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் எதிர்த்திசையில் ஆரம்பிக்கும்.

இரண்டு தேர்வுகள்

கம்பைலரை அழைக்கும் முன் இரண்டைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று எந்த பிராசசர் வகை. இரண்டாவது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு முதல் ஓட வேண்டும் என்பது. முதலாவதற்கு ஆண்ட்ராய்டு உலகில் வழங்கும் சுருக்கப்பெயரும் இரண்டாவதற்கு வழங்கும் சுருக்கப்பெயரும் தமிழில் எழுதினால் "ஏபிஐ" என்றே வந்து நிற்கும். ஆகவே முதலாவதை இங்கே பிராசசர் வகை என்றும், இரண்டாவதை மட்டும் ஏபிஐ நிலை என்றும் சொல்கிறேன்.

பிராசசர் வகை நான்கு. ஆர்ம்64-வி8ஏ இன்றைய போன்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆர்மெய்பி-வி7ஏ பழைய 32 பிட் போன்களுக்கு. எக்ஸ்86, எக்ஸ்86_64 இரண்டும் பெரும்பாலும் கணினியில் ஓடும் எமுலேட்டருக்கு. கற்றுக்கொள்ளும்போது 64 பிட் ஆர்ம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லாம் ஓடியபிறகு மற்றவற்றுக்குப் போகலாம். 32 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு கூகுள் ப்ளேயில் ஆப் வெளியிட முடியாது. சொந்த பைனரி உள்ள ஆப்களுக்கு 64 பிட் வடிவமும் வேண்டும் என்பது 2019 ஆகஸ்ட் முதல் விதி.

ஏபிஐ நிலை என்பது ஆண்ட்ராய்டு பதிப்புகளின் உள் எண். 5.0 என்றால் 21, 7.0 என்றால் 24, 9 என்றால் 28. 64 பிட்டுக்கு 21தான் குறைந்தபட்சம். இந்த எண் வெறும் அடையாளச்சீட்டு அல்ல. பயோனிக் ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, நீங்கள் சொல்லும் எண்ணுக்குப் பிறகு வந்த செயல்கூறுகள் உங்கள் கம்பைலருக்குத் தெரியவே தெரியாது. பிணைய முகப்புகளைப் பட்டியலிடும் கெட்இஃப்ஆட்ர்ஸ் 24இல் வந்தது. எழுத்துக் குறியாக்கம் மாற்றும் ஐகான்வ், கோப்புப்பெயர் பொருத்தும் க்ளாப், புதிய நிரலைத் தொடங்கும் பாஸிக்ஸ் ஸ்பான் மூன்றும் 28இல்தான் வந்தன. லினக்ஸில் பிறந்த லைப்ரரி ஒன்று இவற்றில் எதையாவது சாதாரணமாகப் பயன்படுத்தியிருக்கும்; 21 என்று சொல்லி கம்பைல் செய்தால் "இந்தச் செயல்கூறு அறிவிக்கப்படவில்லை" என்று நிற்கும். அப்போது எண்ணைக் கூட்டுவதா, மாற்று லைப்ரரி சேர்ப்பதா என்பது உங்கள் ஆப் எந்தப் போன்கள் வரை போகவேண்டும் என்பதைப் பொறுத்தது. பிழையைப் போக்குவதற்காக மட்டும் எண்ணைக் கூட்டினால், பழைய போனில் ஆப் திறந்த கணமே "இந்தக் குறியீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று விழும். நான் 24இல் தொடங்கச் சொல்வேன்.

முதல் நிரல்

திரையில் ஒரு வரி அச்சிடும் சி நிரலை எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பின் ஃபோல்டருக்குள் ஏஆர்ச்64-லினக்ஸ்-ஆண்ட்ராய்டு24-கிளாங் என்ற கோப்பு இருக்கும். பிராசசர், ஏபிஐ நிலை இரண்டும் பெயரிலேயே பதிந்திருக்கின்றன. அதற்குள் எட்டிப்பார்த்தால் சில வரி ஷெல் ஸ்கிரிப்ட்தான். உண்மையான கிளாங்கை சரியான டார்கெட்டோடு அழைக்கிறது, அவ்வளவே. போனின் ஹெடர்களும் லைப்ரரிகளும் அடங்கிய சிஸ்ரூட் ஃபோல்டரைக் கிளாங் தானே கண்டுகொள்ளும். அந்தப் பெயரைத் தட்டி, உங்கள் மூலக்கோப்பைக் கொடுத்து, வெளியீட்டுப் பெயரையும் கொடுங்கள்.

32 பிட் ஆர்முக்கு மட்டும் பெயர் கோணலாக இருக்கும்: ஆர்ம்வி7ஏ என்று தொடங்கி ஆண்ட்ராய்டுஇஏபிஐ என்று முடியும். அதே வகைக்கான சிஸ்ரூட் ஃபோல்டரின் பெயரில் வி7ஏ இருக்காது. ஸ்கிரிப்ட் எழுதும்போது ஒரே மாறியை இரண்டு இடத்திலும் போட்டுத் தடுமாறுவது இதனால்தான்.

கம்பைல் முடிந்ததும் போனுக்கு ஓடாதீர்கள். ஃபைல் என்ற கட்டளையை அந்த வெளியீட்டின் மேல் ஓட்டுங்கள். ஆர்ம் ஏஆர்ச்64 என்பதும், இன்டர்பிரட்டர் என்ற இடத்தில் லிங்கர்64 என்பதும் தெரிய வேண்டும். எக்ஸ்86 என்று வந்தால் தவறான கம்பைலர். எல்டி-லினக்ஸ் என்று வந்தால் க்னூ வகைக் கம்பைலர். இந்த ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொண்டால் போனை எடுத்து இணைத்து ஏமாறும் வேலை மிச்சம்.

சரி, இப்போது போன். அமைப்புகளில் பில்டு நம்பர் என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். கணினியிலிருந்து போனோடு பேசும் ஏடிபி கருவியின் புஷ் கட்டளையால் நிரலை டேட்டா, லோக்கல், டெம்ப் என்ற ஃபோல்டருக்கு அனுப்புங்கள். டவுன்லோட்ஸ் போன்ற பொதுச் சேமிப்பிடத்துக்கு அனுப்பினால் எத்தனை முறை அனுமதி மாற்றினாலும் "அனுமதி மறுக்கப்பட்டது" என்றுதான் வரும், அந்தப் பகுதியில் எதையும் இயக்கக் கூடாது என்றே அதை மவுன்ட் செய்திருக்கிறார்கள். பிறகு ஏடிபி ஷெல்லுக்குள் போய், சிஎச்மாட் மூலம் இயக்க அனுமதி தந்து, ஓட்டுங்கள். அந்த ஒரு வரி திரையில் வந்தால் உங்கள் டூல்செயின் சரி. இனி வரும் தொல்லைகள் எல்லாம் பில்டு அமைப்புகளின் தொல்லைகள்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்டோடு

எடுத்துக்காட்டாக ஆடியோவுக்கான லிப்ஆக், லிப்வார்பிஸ் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டாவது முதலாவதை நம்பியிருக்கிறது. லைப்ரரி மேல் லைப்ரரி கட்டும்போது வரும் சிக்கல்கள் அத்தனையும் இந்தச் சின்ன ஜோடியிலேயே வந்துவிடும்.

முதலில் போனுக்கான லைப்ரரிகள் போய் உட்கார ஒரு காலி ஃபோல்டர் வேண்டும். ஸ்டேஜ் என்று பெயரிட்டு, உள்ளே பிராசசர் வகைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கணினியின் யூஎஸ்ஆர் ஃபோல்டரில் ஒருபோதும் நிறுவ வேண்டாம்.

அடுத்து சூழல் மாறிகள். சிசி என்பதில் மேலே சொன்ன முழுக் கம்பைலர் பெயர், சிஎக்ஸ்எக்ஸ் என்பதில் அதன் சி++ இணை. ஏஆர், ரான்லிப், ஸ்ட்ரிப் மூன்றிலும் எல்எல்விஎம் என்ற முன்னொட்டு உள்ள கோப்புகள். இவை எல்லா பிராசசருக்கும் பொது. பலர் சிசியை மட்டும் வைத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். அப்போது ஸ்கிரிப்ட் கணினியின் ஏஆர் கருவியை எடுத்துக்கொண்டு லைப்ரரியைத் தொகுக்கும். கம்பைல் நன்றாகவே போகும். கடைசியில் லிங்க் செய்யும்போது "ஆர்க்கைவில் இன்டெக்ஸ் இல்லை" என்றோ, கண்ணெதிரே இருக்கும் குறியீடுகளே காணவில்லை என்றோ நிற்கக்கூடும்.

இப்போது லிப்ஆக்கின் கான்ஃபிகரை ஓட்டுங்கள். ஹோஸ்ட் ஆப்ஷனில் டிரிப்பிளையும், ப்ரீஃபிக்ஸ் ஆப்ஷனில் ஸ்டேஜ் ஃபோல்டரையும் கொடுங்கள். டிரிப்பிளில் 24 என்ற எண் வேண்டாம். அது கம்பைலர் பெயரோடு சரி. ஓடும் வரிகளில் ஒன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்: "நாம் கிராஸ் கம்பைல் செய்கிறோமா" என்று ஆங்கிலத்தில் கேட்கும் வரி. பதில் "யெஸ்" என்று இருக்க வேண்டும். "நோ" என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், ஹோஸ்ட் போய்ச் சேரவில்லை.

டிரிப்பிளையே அடையாளம் தெரியவில்லை என்று ஸ்கிரிப்ட் சொன்னால், அந்தத் திட்டத்திலுள்ள கான்ஃபிக்.சப் கோப்பு மிகப் பழையது. க்னூ திட்டம் அதன் புதிய பிரதியைத் தனியாகவே பராமரிக்கிறது, கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் இரண்டையும் மாற்றிவிட்டால் போதும், வேறெதையும் தொட வேண்டாம்.

இன்னொன்று: சில ஸ்கிரிப்டுகள் ஒரு சின்ன நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கும். கிராஸ் கம்பைலில் ஓட்ட முடியாது. நல்ல ஸ்கிரிப்ட் ஓர் ஊகத்தோடு நகரும், மோசமானது பிழையோடு நின்றுவிடும். ஊகத்தோடு நகர்வது சில சமயம் அதைவிட மோசம். இதன் பிரபலமான உதாரணம் ஆர்பிஎல்_மல்லாக். பூஜ்ய அளவு கேட்டால் மல்லாக் என்ன தரும் என்று ஓட்டிப் பார்க்க முடியாததால், மல்லாக் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு அதற்கு மாற்றுப்பெயர் வைத்துவிடும். அந்தப் பெயரில் செயல்கூறு எங்கும் இல்லாததால் லிங்கர் அலறும். தீர்வு, விடையை நாமே சொல்லிவிடுவது. கான்ஃபிக்.லாக் கோப்பில் மல்லாக் என்று தேடினால் ஏசி_சிவி என்று தொடங்கும் ஒரு மாறிப்பெயர் கிடைக்கும். அதற்கு யெஸ் என்ற மதிப்பைக் கொடுத்து மறுபடி கான்ஃபிகரை ஓட்டுங்கள்.

மேக், பிறகு மேக் இன்ஸ்டால். ஸ்டேஜ் ஃபோல்டரில் லிப்ஆக் வந்திருக்கும். அதன் மேலும் ஃபைல் கட்டளையை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பிகேஜி-கான்ஃபிக் என்ற வாசல்

இப்போது லிப்வார்பிஸ். அது லிப்ஆக்கை பிகேஜி-கான்ஃபிக் கருவி மூலம் தேடும். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குவது. உங்கள் கணினியிலும் லிப்ஆக் நிறுவப்பட்டிருக்க நல்ல வாய்ப்புண்டு, பிகேஜி-கான்ஃபிக் மகிழ்ச்சியோடு அதை எடுத்துத் தரும். லைப்ரரி மாறிப்போனால் லிங்கர் "இது ஏஆர்ச்64லினக்ஸுக்குப் பொருந்தாது" என்று உடனே சொல்லிவிடும். அது நல்ல பிழை. ஹெடர் மாறிப்போனால் எதுவும் சொல்லாது. கணினியின் ஹெடரிலும் போனின் ஹெடரிலும் ஒரு ஸ்ட்ரக்சரின் அளவு வேறாக இருந்து, எல்லாம் கம்பைல் ஆகி, லிங்க் ஆகி, போனில் எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் கிராஷ் ஆகும்.

பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற மாறியில் ஸ்டேஜ் ஃபோல்டரைச் சேர்த்தால் போதும் என்று பல இடங்களில் சொல்வார்கள். போதாது. அது தேடும் பட்டியலின் முன்னால் ஒன்றைச் சேர்க்கிறது. கணினியின் ஃபோல்டர்கள் பின்னால் அப்படியே இருக்கின்றன. ஸ்டேஜில் கிடைக்காத லைப்ரரியைக் கணினியிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடும். நமக்கு வேண்டியது பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர். இது இயல்பான பட்டியலையே தூக்கிவிட்டு, நாம் சொல்வதை மட்டும் வைக்கும். அதில் ஸ்டேஜுக்குள் இருக்கும் லிப், பிகேஜிகான்ஃபிக் என்ற இடத்தைக் கொடுத்து, முதலாவதைக் காலியாக விட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இப்போது வெளிப்படையாக "இல்லை" என்று சொல்லும்.

கூடுதல் காவலுக்கு கிளாங்கில் பாய்சன்-சிஸ்டம்-டைரக்டரீஸ் என்ற எச்சரிக்கை உண்டு. கிராஸ் கம்பைலின்போது கணினியின் யூஎஸ்ஆர் இன்க்லூட் போன்ற ஃபோல்டர் கட்டளைவரியில் வந்தால் சொல்லும். இயல்பாக அணைந்திருக்கும், அதை இயக்கி, பிழையாகவே கருதச் சொல்லிவிட்டால் ஹெடர் கசிவு வெட்ட வெளிச்சமாகிவிடும். ஏன் எல்லா வழிகாட்டிகளிலும் இது இல்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

சிமேக்

சிமேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களில் டூல்செயின் கோப்பு ஒன்றைக் காட்ட வேண்டும். அதை நீங்களே எழுதாதீர்கள். என்டிகேயின் பில்டு ஃபோல்டரில் சிமேக் என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு.டூல்செயின்.சிமேக் தயாராக இருக்கிறது. சிமேக்_டூல்செயின்_ஃபைல் மாறியில் அதன் பாதை, ஆண்ட்ராய்டு_ஏபிஐ (நடு எழுத்து B, P அல்ல) மாறியில் பிராசசர் வகை, ஆண்ட்ராய்டு_பிளாட்ஃபார்ம் மாறியில் ஏபிஐ நிலை. மூன்றும் போதும். சிசி, ஏஆர் போன்றவற்றை இங்கே வைக்க வேண்டியதில்லை. முன்பு வைத்தவை அதே டெர்மினலில் ஒட்டிக்கொண்டிருந்தால் புதிய டெர்மினல் திறப்பது நல்லது.

டூல்செயின் கோப்பை சிமேக் முதல் ஓட்டத்திலேயே படித்துக் கேஷில் பதிந்துவிடும். பிறகு மாற்றினால் பயனில்லை. பிராசசர் வகையை மாற்றும்போதெல்லாம் புதிய பில்டு ஃபோல்டர்.

அடுத்த குழப்பம் ஸ்டேஜ் ஃபோல்டர். சிமேக்_ப்ரீஃபிக்ஸ்_பாத் மாறியில் கொடுத்தும் லைப்ரரியைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். காரணம், கசிவைத் தடுக்க வேண்டும் என்றுதான்: லைப்ரரி, ஹெடர், பேக்கேஜ் மூன்றையும் ரூட் ஃபோல்டர்களுக்குள் மட்டுமே தேடு என்று டூல்செயின் கோப்பு கட்டளையிட்டிருக்கிறது. ஸ்டேஜையும் அந்த ரூட் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாறியின் பெயர் சிமேக்_ஃபைண்ட்_ரூட்_பாத். இணையத்தில் சிலர் "ஒன்லி" என்பதை "போத்" என்று மாற்றச் சொல்வார்கள். தேடல் வெற்றி பெறும், கணினியின் லைப்ரரிகளுக்கும் கதவு திறந்துவிடும். செய்யாதீர்கள்.

பில்டின் நடுவில் ஓடும் கருவிகள்

சில திட்டங்கள் முதலில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி, அதை ஓட்டி, அது தரும் மூலநிரலை மீண்டும் கம்பைல் செய்யும். கிராஸ் கம்பைலில் அந்தக் கருவியும் போனுக்காகவே கட்டப்பட்டுவிடும்; கணினியில் ஓட்டினால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்". இந்தப் பிழையைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்ளலாம்: இங்கே கசிவு எதிர்த்திசை, கணினிக்குரியது போனுக்குப் போய்விட்டது. திட்டத்தை முதலில் கணினிக்காக ஒருமுறை சாதாரணமாகக் கட்டி, அந்தக் கருவியின் பாதையைப் போனுக்கான பில்டுக்குச் சொல்ல வேண்டும். ஐசியு லைப்ரரியில் வித்-கிராஸ்-பில்டு என்ற ஆப்ஷனும், பைத்தானில் வித்-பில்டு-பைத்தான் என்ற ஆப்ஷனும் இதற்காகவே இருக்கின்றன. புரோட்டோபஃப் என்றால் கணினியில் ஓடும் அதன் புரோட்டாக் கருவி வேண்டும், அதுவும் அதே பதிப்பில்.

ஆப்புக்குள் வைக்கும் முன்

லைப்ரரி கட்டியாயிற்று. அதை ஆப்போடு அனுப்ப இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும், பைனரிக்குள் இருக்கும் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவி போதும். என்டிகேயிலேயே எல்எல்விஎம் முன்னொட்டோடு இருக்கிறது.

முதலில் பெயர். ஆப்புக்குள் போகும் பகிர்வு லைப்ரரியின் பெயர் லிப் என்று தொடங்கி, புள்ளி எஸ்ஓ என்று முடிய வேண்டும். லினக்ஸ் வழக்கப்படி எஸ்ஓவுக்குப் பின் பதிப்பு எண் ஒட்டியிருந்தால் ஆப் தொகுப்பில் அது ஏறாது. கோப்பின் பெயரை மட்டும் மாற்றுவது தீர்வல்ல. எஸ்ஓநேம் என்ற உள்பெயரும், அதை நம்பும் லைப்ரரியில் தனக்குத் தேவையானவற்றைச் சொல்லும் நீடட் பட்டியலும் பதிப்பு எண் இல்லாமல் இருக்க வேண்டும். ரீட்எல்ஃபின் டைனமிக் பகுதியில் இரண்டும் தெரியும். நீடட் பட்டியலில் முழுப் பாதை ஏதாவது தென்பட்டால் அது உங்கள் கணினியின் பாதை, போனில் இருக்காது.

பிறகு சி++ ரன்டைம். சிமேக் வழியில் இயல்பாக அது ஸ்டாட்டிக்காக உள்ளேயே சேரும். ஆப்பில் சி++ லைப்ரரி ஒன்றே ஒன்று என்றால் அது நல்லது. இரண்டோ அதற்கு மேலோ என்றால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரன்டைம் பிரதி உட்கார்ந்து, ஒன்று எறியும் எக்செப்ஷனை இன்னொன்று பிடிக்காமல் போகலாம். அப்போது பகிர்வு வகையைத் தேர்ந்தெடுத்து, லிப்சி++_ஷேர்டு கோப்பையும் ஆப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

மூன்றாவது, புதியவர்களை இப்போது அதிகம் தடுமாறவைப்பது: நினைவகப் பக்க அளவு. ஆண்ட்ராய்டு நெடுங்காலம் 4 கேபி பக்கங்களோடு இருந்தது. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பக்கங்களைக் கொண்ட கருவிகளுக்கும் ஆதரவு உண்டு. லைப்ரரியின் பகுதிகள் 16 கேபி எல்லையில் அமையாவிட்டால் அங்கே அது ஏறாமல் போகும். ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்குப் பிந்தையதைக் குறிவைக்கும் புதிய ஆப்களும் புதுப்பிப்புகளும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் கூகுள் ப்ளே கேட்கிறது. என்டிகே ஆர்28 முதல் இது தானாகவே நடக்கும். பழையதில் லிங்கருக்கு மேக்ஸ்-பேஜ்-சைஸ் 16384 என்று சொல்ல வேண்டும். ரீட்எல்ஃபில் புரோகிராம் ஹெடர்களைப் பார்த்தால் லோட் வரிகளின் கடைசியில் 0x4000 என்று இருப்பது சரி, 0x1000 என்றால் பழைய அளவு. ஆயத்தமாகக் கிடைத்த லைப்ரரிகளையும் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் அவைதான் மாட்டிவிடும். நிரலுக்குள் 4096 என்று எண்ணாகவே எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பக்க அளவை இயங்குதளத்திடமே கேட்க வேண்டும்.

பிறகு ஸ்ட்ரிப், அதாவது டீபக் தகவலை நீக்குவது. டீபக் தகவலோடு இருக்கும் பிரதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். போனில் கிராஷ் ஆகும்போது கிடைக்கும் முகவரிகளை வரி எண்ணாக மாற்ற என்டிகே-ஸ்டாக் கருவிக்கு அந்தப் பிரதிதான் வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் விடை தவறு

கணினியில் சரியாக ஓடிய நிரல் போனில் முடிவில்லாமல் சுற்றினால் கேர் வகையைச் சந்தேகியுங்கள். எக்ஸ்86 கணினியில் கேர் என்பது எதிர்ம எண்ணையும் ஏற்கும். ஆண்ட்ராய்டின் ஆர்மில் ஏற்காது. கெட்கேர் தரும் மதிப்பை கேர் மாறியில் வாங்கி -1ஓடு ஒப்பிடும் பழைய நிரல்கள் ஆர்மில் கோப்பின் முடிவைக் காணவே காணா. இன்ட் மாறியில் வாங்குவதே சரியான திருத்தம். பெரிய பழைய மூலநிரல் என்றால் எஃப்-சைன்டு-கேர் என்ற கம்பைலர் ஆப்ஷன் தற்காலிகமாகக் காப்பாற்றும்.

எல்பித்ரெட் கிடைக்கவில்லை என்று லிங்கர் சொன்னால் கவலையே வேண்டாம். பயோனிக்கில் த்ரெட் செயல்கூறுகள் சி லைப்ரரிக்குள்ளேயே இருக்கின்றன, அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டால் சரி. எல்ஆர்டியும் அப்படியே. ஆனால் பித்ரெட்_கேன்சல் என்ற செயல்கூறு பயோனிக்கில் கிடையவே கிடையாது. அதை நம்பிய நிரலில் த்ரெட்டை நிறுத்தும் முறையையே மாற்றி எழுதத்தான் வேண்டும்.

கோ, ரஸ்ட், ஐபோன்

கோ மொழியில் கூஸ் மாறியில் ஆண்ட்ராய்டு, கோஆர்ச் மாறியில் ஆர்ம்64, சிகோ_எனேபிள்டு 1, சிசியில் அதே என்டிகே கம்பைலர். ரஸ்ட்டில் ரஸ்டப் மூலம் ஏஆர்ச்64-லினக்ஸ்-ஆண்ட்ராய்டு டார்கெட்டைச் சேர்த்து, கார்கோவின் கான்ஃபிக் கோப்பில் அந்த டார்கெட்டுக்கு லிங்கராக என்டிகே கம்பைலரைக் காட்ட வேண்டும். டார்கெட்டைச் சேர்த்ததோடு விட்டால் கம்பைல் ஆகும், லிங்க் ஆகாது. ரஸ்டப் தருவது ரஸ்ட்டின் சொந்த லைப்ரரிகளை மட்டும்தான். கார்கோ-என்டிகே என்ற கருவி இந்த வேலையை எளிதாக்குகிறது.

ஐபோனுக்கு மேக் கணினியும் ஆப்பிளின் எக்ஸ்கோடு கருவித்தொகுப்பும் வேண்டும். எக்ஸ்சிரன் கருவியிடம் எஸ்டிகே ஐபோன்ஓஎஸ் என்று சொல்லி கிளாங்கையும் சிஸ்ரூட்டையும் கேட்டு வாங்கலாம். சிமேக் 3.14 முதல் சிஸ்டம் நேம் ஐஓஎஸ் என்று கொடுத்தாலே போதும், டூல்செயின் கோப்பு தேவையில்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் 32 பிட் ஆப்கள் ஓடுவதில்லை, ஆகவே சாதனத்துக்கு ஆர்ம்64 மட்டும்.

ஒரு பொறி உண்டு. ஆப்பிள் சிலிகான் மேக்கில் ஓடும் சிமுலேட்டரும் ஆர்ம்64தான். பிராசசர் ஒன்று, தளம் வேறு. சாதனத்துக்குக் கட்டிய லைப்ரரியை சிமுலேட்டருக்கு லிங்க் செய்தால், இது ஐஓஎஸ்ஸுக்குக் கட்டப்பட்டது என்று லிங்கர் மறுத்துவிடும். இரண்டையும் லிப்போ கருவியால் ஒரே கோப்பாக்கவும் முடியாது. ஒரு கோப்பில் ஒரு பிராசசருக்கு ஓரிடம்தான். இரண்டையும் தனித்தனி ஃபோல்டர்களில், தனித்தனி எஸ்டிகேயோடு கட்டி, எக்ஸ்கோடு 11இல் வந்த எக்ஸ்சிஃப்ரேம்வொர்க் வடிவில் சேர்த்துக் கொடுங்கள். எந்தத் தளத்துக்கு எது என்று எக்ஸ்கோடு தானே பார்த்து எடுத்துக்கொள்ளும்.